மொய்த்தட்டு

அஞ்சலின் இன்று மேடையில் பேசுவதைக் கேட்கிறவர்கள், இவள் பிறக்கும்போதே மைக்கைப் பிடித்துக்கொண்டு பிறந்தவள் என்று நினைக்கக்கூடும். கழுகுமலை ரோட்டோரத்து ஊருக்குக் கல்யாணமாகி வந்திறங்கிய அஞ்சலினை அவர்கள் பார்த்ததில்லை. வாயில்லாப் பூச்சி. கடையில் புழுத்த பருப்பைப் போட்டுக் கொடுத்தால்கூட, தெருமுனை வரைக்கும் வந்து நின்று யோசித்துவிட்டு, பேசாமல் வீட்டுக்குப் போய்ப் புடைக்கிற ரகம். புருஷன் யோவான் கொத்தனார். மழை பெய்தால் அவனுக்கு வேலை இல்லை. பெய்யாவிட்டால் அந்தக் கரிசல் காட்டில் மற்ற யாருக்கும் வேலை இல்லை. இரண்டுக்கும் நடுவில் அடுப்பு எரிய வேண்டுமே என்று அவளும் மேட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

ஆபீஸ் என்றதும் மேசையையும் சுழல் நாற்காலியையும் நினைக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்குப் பெயரே தீப்பெட்டி ஆபீஸ்தான். இது ஊருக்கு வெளியே மேட்டில் இருந்ததால் மேட்டு ஆபீஸ். விடியுமுன் வேன் வந்து ஊர் ஊராகப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். அடைத்த பெட்டிகளைத் தட்டில் அடுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து யாரிடம் எத்தனை தட்டு என்று பார்த்துக் கூலி போடுவார். கை ஓடினால்தான் கஞ்சி.

முதல் நாளே அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டவள் மாரித்தாய். அடுத்த ஊர்க்காரி, அஞ்சலினைவிடப் பத்து வயது மூத்தவள். மகளைச் சங்கரன்கோவில் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். அந்த வரிசையிலேயே வேகமான கை அவளுடையது. பேசிக்கொண்டே இருப்பாள், கண் வேறெங்கோ இருக்கும், பெட்டி பாட்டுக்கு நிறைந்துகொண்டே போகும்.

தலைப்பிள்ளை பெற்று ஒன்றரை மாதத்தில் அஞ்சலின் வேலைக்குத் திரும்பினாள். பால் கட்டிய மார்போடும் வளையாத இடுப்போடும் அன்று அவள் அடைத்தது சொற்பம். ஆனால் சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் தட்டு தட்டாக அடுக்கி இருக்கிறது. சூப்பர்வைசரிடம், "சார், இதெல்லாம் என்னுது இல்ல, யாரோ தெரியாம..." என்று வாயெடுத்தாள். மாரித்தாய் அவள் தொடையில் வைத்த கிள்ளில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வேனில் ஏறியதும் மாரித்தாய் பிடித்துக்கொண்டாள். "கூறுகெட்டவளே, கல்யாண வீட்டுல மாதிரி மைக்குல பேர் வாசிச்சாத்தான் மொய்யின்னு ஒனக்குத் தெரியுமா? இங்கன வாசிக்க மாட்டாவ. வச்சவளும் சொல்ல மாட்டா, வாங்குனவளும் சொல்லக் கூடாது. கேட்டியா?"

அதற்குப் பெயர் மொய்த்தட்டு. பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், வீட்டில் இழவு விழுந்து கை ஓடாமல் உட்கார்ந்திருப்பவள், இப்படி யாருக்குக் கை தாழ்ந்தாலும் வரிசையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு தட்டை ஓசையில்லாமல் நகர்த்தி வைப்பார்கள். கல்யாண மொய்யில் திருப்பிச் செய்யவில்லை என்று சொந்தபந்தத்துக்குள் வெட்டுக்குத்து வரைக்கும் போகும். இதில் அந்தப் பேச்சே கிடையாது. யார் வைத்தது என்று தெரிந்தால்தானே சண்டை போட? ஆபீசும் கண்டுகொள்ளவில்லை. மொத்தத் தட்டு சரியாக இருந்தால் எவளுடையது எவள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கென்ன? பாதிப் பேருக்கு அங்கே பெயர்கூடக் கிடையாது. இன்ன ஊர் வேனில் வருகிற ஆள், அவ்வளவுதான்.

குச்சி அடைக்கிற வேலையில் ஒரு சனியன் உண்டு. அவசரத்தில் அழுத்தித் திணித்தால் உரசிக் குப்பென்று பிடித்துக்கொள்ளும். ஒரு பங்குனி வெயிலில் அது மாரித்தாயின் கையில் பிடித்தது. உதறியிருந்தால் கை தப்பியிருக்கும். ஆனால் உதறினால் விழுகிற இடமெல்லாம் குச்சிக் குவியல், வரிசை முழுக்கப் பெண்கள். மாரித்தாய் உதறவில்லை. விரல்களை மூடினாள். எரிகிற குச்சிகளை உள்ளங்கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு மணல் வாளி வரைக்கும் நடந்துபோய்த் திறந்தாள்.

புண் ஆறியது. விரல்கள் நிமிரவில்லை. மருந்துச் செலவுக்கு ஏதோ கொடுத்தார்கள். நஷ்டஈடு கேட்கப் போனபோது, அஞ்சலினும் துணைக்குப் போயிருந்தாள், மேனேஜர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாரித்தாய்ங்கிற பேர்ல இங்க யாரும் வேலை பாக்கலையே" என்றார்.

"பேர் இல்லேன்னா, அந்தத் தீ யார் கையில பிடிச்சது சார்?"

கேட்டது அஞ்சலின். கேட்டுவிட்டு, யாரோ பின்னால் நின்று பேசியதைப் போலத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கேள்வி வேனில் ஏறி ஊர் ஊராகப் போய், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சங்க அலுவலகத்தில் செண்பகராஜின் காதுக்கும் எட்டியது. பாவம், அவர் எத்தனையோ வருடமாகத் தீப்பெட்டிப் பெண்களுக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர்களும் தவறாமல் வாங்கி அலமாரித் தட்டில் விரித்துக்கொண்டிருந்தார்கள். மனுஷர் அடுத்த நாளே பழைய டிவிஎஸ்ஸில் அஞ்சலின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"எனக்குப் பேச வராது அண்ணாச்சி. குரல் நடுங்கும்."

"நடுங்கட்டும் தாயி. நான் நடுங்காமப் பேசித்தான் யாரு கேட்டா?"

அவளுடைய ஊர்தான் வேனுக்கு முதல் நிறுத்தம். ஏறியதிலிருந்து கடைசி ஊர் வரைக்கும் பக்கத்தில் உட்காருகிறவளிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே வருவாள். எல்லாருக்கும் பதிவேட்டில் பேர் வேண்டும், பிஎஃப் வேண்டும், கை வெந்தால் ஆஸ்பத்திரி வேண்டும். மாரித்தாய் முன் சீட்டில் இருந்துகொண்டு, "பலமாப் பேசுட்டி, எனக்கே கேக்கல" என்று அதட்டுவாள். நெருப்புப் பட்ட பிறகு அவள் அடைப்பது பாதிதான். ஆனாலும் அவள் கூலி குறையவில்லை. மற்றவர்களுக்கு மொய்த்தட்டு ஒரு வாரம், ஒரு மாதம். அவளுக்கு மட்டும் அது நிற்கவே இல்லை. வருடக்கணக்காக, நாள் தவறாமல், ஒருத்தியும் முகம் சுளிக்காமல் வைத்தார்கள். அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கொரோனாவுக்கு இரண்டு வருடம் முந்தி, ஒரு திங்கட்கிழமை, வேன் வந்து நின்றது. பெண்கள் தூக்குவாளியோடு வழக்கம்போல நின்றார்கள். ஒருத்தியும் ஏறவில்லை.

"ஏறுங்கக்கா, நேரமாவுது" என்றான் டிரைவர் ஹாரூன்.

"இன்னிக்கு நாங்க வரல தம்பி. நீ அடுத்த ஊரப் பாரு."

அடுத்த ஊரிலும் அதே தூக்குவாளி, அதே பதில். ஹாரூன் ஹாரனை அடித்துக்கொண்டே எல்லா ஊரையும் சுற்றிவிட்டு, காலி வேனை மேட்டு ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தி, "சார், நான் நிறுத்தத்தான் செஞ்சேன், அவிய ஏறல" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே முதல் வாரப் பசியை ஓட்டினார்கள். பிறகு சிரிப்பு வரவில்லை. சங்கத்தில் அரிசி வந்தது, மாதா கோயிலில் சாமியார் கொஞ்சம் கொடுத்தார், பள்ளிவாசல் தெருக் கடைக்காரர்கள் பருப்பு கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் முடியும்போது தொழிலாளர் துறை அலுவலகத்தில் அதிகாரி முன்னிலையில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளே செண்பகராஜும் அஞ்சலினும் போனார்கள். வெளியே முற்றத்து வேப்பமர நிழலில் பெண்கள் கூட்டம். மேனேஜர் மத்தியானம் வரைக்கும் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி. ஆளுக்கு ஒரு பேரு, ஆளுக்கு ஒரு நம்பரு. பிஎஃப், ஆஸ்பத்திரி, எல்லாம் ஒத்துக்கறோம். ஆனா நம்பர் வந்துட்டா தட்டுலயும் நம்பர் ஒட்டுவோம். அவங்கவங்க அடைச்சது அவங்கவங்க கணக்கு. ஒரு நாளைக்கு இத்தனை தட்டுன்னு ஒரு அளவு இருக்கும். தொடர்ந்து குறைஞ்சா வேலை கிடையாது."

அவர் சொன்ன அளவு பெரிய அளவு இல்லை. எந்தப் பெண்ணும் மத்தியானத்துக்குக் கொஞ்சம் பிந்தி முடித்துவிடுவாள். செண்பகராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்த அதிகாரி நிதானமானவர். அஞ்சலினைப் பார்த்து, "இந்த அளவுக்கு அடைக்க முடியாதவங்க யாராவது இருக்காங்களாம்மா? இருந்தா இப்பவே சொல்லுங்க. அவங்களுக்குத் தனியா எழுதிக்கலாம்" என்றார்.

மாரித்தாயின் பெயர் அஞ்சலினுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனால் எப்படிச் சொல்வது? அவளால் ஏலாது என்றால், இத்தனை வருடம் எப்படி அடைத்தாள் என்று கேட்பார்கள். மொய்த்தட்டைச் சொல்ல வேண்டும். வைத்தவளும் சொல்லாத, வாங்கினவளும் சொல்லாத ஒன்றை, நாலு ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் விரித்துக் காட்ட வேண்டும். அந்த வளைந்த கையை மேசைமேல் எடுத்து வைப்பதுபோல அது அவளுக்குக் கூசியது. பெருமையும் இருந்தது, இல்லையென்றால் பொய். மேனேஜரின் உதட்டோரத்தில், இவளுகளில் பாதி சோம்பேறிகள் என்பதுபோல ஒரு சிரிப்பு. அதைப் பார்த்ததும் அவளுக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது.

"எங்கள்ல குறைஞ்சவ யாரும் இல்ல சார்."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெளியே முற்றமே அதிர்கிற மாதிரிக் கைதட்டல். செண்பகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அஞ்சலின் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலமே ஊர்வலத்தில் அந்த வாசகம் கோஷமானது. அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் சிவப்பு எழுத்தில் ஏறியது: 'எங்களில் குறைந்தவள் யாருமில்லை.' அஞ்சலின் முதலில் ஆபீஸ் கிளைக்குச் செயலாளர், பிறகு தாலுகாவுக்கு. புதியம்புத்தூர்த் தையல் பெண்கள்கூடத் தங்கள் கூட்டத்துக்கு அவளை அழைத்தார்கள். எந்த மேடையானாலும் அந்த வாசகத்தைச் சொல்லித்தான் அவளை அறிமுகப்படுத்துவார்கள். யோவான் மட்டும், "ஊருக்குத் தலைவி, வீட்டுல ரசம் பொங்கி வழியுது" என்று முனகிக்கொண்டே அடுப்பை அணைப்பான்.

மேட்டு ஆபீசில் தட்டுகளுக்கு நம்பர் வந்தது. முதல் சில வாரம் பெண்கள் தைரியமாகத்தான் மொய்த்தட்டு வைத்தார்கள். மாரித்தாய் பக்கத்தில் வேறு நம்பர் தட்டு இருந்ததைக் கண்டுபிடித்து இரண்டு பேருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அதோடு பயம் வந்தது. பயத்தைவிடக் கசப்பான இன்னொன்றும் வந்தது. ஒவ்வொரு தட்டிலும் தன் பெயர் இருக்கிறது, தன் பெயரில் பிஎஃப் சேருகிறது என்றானதும், நகர்த்துகிற கை கொஞ்சம் யோசித்தது. யோசித்த கை அப்புறம் எங்கே நகரும்? யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்காகத்தானே மூன்று வாரம் பட்டினி கிடந்தார்கள். அஞ்சலினாவது வைத்திருக்கலாம். சங்க வேலையில் பாதி நாள் வெளியே அலைந்தவளுக்குத் தன் அளவை எட்டுவதே பெரிய பாடாக இருந்தது.

மாரித்தாயை நிறுத்தினார்கள். அஞ்சலின் மேனேஜரிடம் ஓடினாள். தீப்பிடித்த கதையைச் சொன்னாள், மொய்த்தட்டைச் சொன்னாள், அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டினாள். தும்பை விட்டு வாலைப் பிடித்தால் மாடு நிற்குமா?

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, அதிகாரி உங்க முகத்தப் பாத்துத்தானே கேட்டாரு? குறைஞ்சவ யாருமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? செவத்துல வேற எழுதி வச்சிருக்கீங்க" என்றார்.

மறுபடியும் வேன் ஏறாமல் நிற்போம் என்றாள் செண்பகராஜிடம். அவர் தலையசைத்து மறுத்தார். "ஒருத்திக்காக ஒப்பந்தத்த நாமளே உடைச்சா, எல்லாருக்கும் கிடைச்ச பேரும் போயிரும் தாயி. நீயே சொல்லு." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவளை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது.

மாரித்தாய் வீட்டுக்கு நாளைக்குப் போகலாம் என்று ஒரு வாரம் தள்ளினாள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு மாதம். அப்புறம், இத்தனை நாள் போகாமல் இப்போது எந்த முகத்தோடு போவது என்று வருடங்கள். மாரித்தாய் மிளகாய் பறிக்கப் போகிறாள், பருத்தி எடுக்கப் போகிறாள், ஆடு வாங்கி மேய்க்கிறாள் என்று யாராவது சொல்லக் கேட்பதுதான். அந்த வாசகத்தை அழிக்கச் சொல்லிச் சங்கத்தில் ஒருமுறை பேசிப் பார்த்தாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த மாநாட்டுக்கு அதை இன்னும் பெரிதாக எழுதினார்கள்.

ஒன்று மட்டும் செய்தாள். அதற்குப் பிறகு எந்த ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தாலும் முதல் காரியமாகப் பெண்களைக் கூட்டி வைத்து, "ஏலாதவ யாரு, கை வெந்தவ யாரு, இப்பவே சொல்லுங்க. கூச்சப்பட்டா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்பாள். அவர்களுக்குத் தனி அளவு எழுதாமல் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியாகப் போன வருடம், மேட்டு ஆபீசிலும் அதை வாங்கினாள். வேலையில் காயம்பட்டு முன்னால் நிறுத்தப்பட்டவர்களையும் திரும்ப எடுத்து, உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்க வேண்டும் என்று எழுத வைத்தாள். மாவட்டத் தலைவியாக அவளைத் தேர்ந்தெடுத்ததும் அதே வாரம்தான். மாலை போட வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, அவள் மாரித்தாயைத் தேடிப் போனாள். மாரித்தாய் திரும்ப வந்து அந்தக் கூரைக்குக் கீழே ஒரு நாள் உட்கார்ந்தால் போதும், தனக்கு மன்னிப்புக் கிடைத்த மாதிரி என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஓடைக்கரை உடைமரத்து நிழலில் மாரித்தாய் நின்றிருந்தாள். முடி நன்றாக வெளுத்துவிட்டது.

"வாட்டி தலைவரம்மா. வழி தெரிஞ்சிருச்சா?"

அஞ்சலின் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை, சம்பளம், வாசலுக்கே வருகிற வேன்.

"அங்கன இப்ப மிஷினுல்லா அடைக்குதாம்?"

"பாதி மிஷின்தான்க்கா. நீ பெட்டி சரியா இருக்கான்னு பாத்தாப் போதும்."

"ஆட்ட யாரு பாப்பா?" என்று மாரித்தாய் சிரித்தாள். "வேண்டாம்ட்டி. விடியுமுன்ன எந்திரிச்சு ஓட எனக்குத் தெம்பில்ல. வேற எவளுக்காவது வாங்கிக் கொடு. நல்ல காரியந்தான் செஞ்சிருக்க."

இத்தனை வருடம் சுமந்து வந்ததை இறக்கி வைக்க இடமில்லாமல் அஞ்சலின் நின்றாள். பிறகு சொல்லியேவிட்டாள்.

"அன்னிக்கு ஒம்பேர நான் சொல்லியிருக்கணும்க்கா. நாலு பேர் முன்னால ஒன்னயச் சொல்ல எனக்கு மனசு வரல. சொல்லக் கூடாதுன்னு நீதான..."

"நீ சொல்லுவன்னுதான் நானும் நெனச்சேன்."

"நீ அங்கன இருந்தியா?"

"ஜன்னலுக்குக் கீழதான் நின்னேன். அந்த சாரு கேட்டது எனக்கும் கேட்டுச்சு. சரி, இவ கூச்சப்படுதா, நாமளே உள்ள போயிக் கையக் காட்டிருவோம்னு படியில ஒரு கால வச்சேன்."

"பெறவு ஏன்க்கா வரல?"

மாரித்தாய் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்குள்ள நீ சொல்லிட்டியே, எங்கள்ல குறைஞ்சவ யாரும் இல்லன்னு. ஏட்டி, அந்தச் சொல்லு காதுக்கு அம்புட்டு நல்லா இருந்துச்சு. நெருப்புப் பட்ட நாள்ல இருந்து என்னய யாரும் அப்படிச் சொன்னதில்ல. என்னயவும் சேத்துத்தான் சொல்லுதன்னு நெனச்சு, கால எடுத்துட்டு, இந்தக் கையாலதான் நானும் தட்டுனேன்."

வெள்ளாடு ஒன்று அடுத்தவர் பருத்திக்குள் இறங்கவும், மாரித்தாய் கம்பை எடுத்துக்கொண்டு அதைத் திருப்பப் போனாள்.